சலமாங்கா வகுப்பறையில் ஒலித்த நீதியின் குரல்



"சாமி, போர், எல்லைத் தகராறு, அகதிகள் பிரச்சினை எல்லாம் அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கோவிலுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?" இளையோர் கூட்டங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. இதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு தெளிவான பதில் உண்டு. அது போர்க்களத்திலோ அரசவையிலோ பிறந்ததல்ல. ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் பிறந்தது.

மறையுரையில் தொடங்கிய கேள்வி

1492-இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தபின், அங்கு குடியேறிய ஸ்பானியர்கள் பூர்வீக மக்களைச் சுரங்கங்களிலும் வயல்களிலும் அடிமைகளைப்போல் வேலை வாங்கினர். 1511-ஆம் ஆண்டு திருவருகைக்கால நான்காம் ஞாயிறன்று, சாந்தோ தொமிங்கோ நகரில் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் புனித சாமிநாதர் சபைத் துறவி மறையுரை ஆற்றினார். இம்மக்களும் பகுத்தறிவும் ஆன்மாவும் உள்ள மனிதர்கள் அல்லரா என்று அவர் கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் கொதித்தெழுந்தனர்.

அந்தக் கேள்வி கடல் கடந்து ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா பல்கலைக்கழகத்தை எட்டியது. அங்கு 1526 முதல் இறையியல் துறையின் முதன்மைப் பேராசிரியராக இருந்தவர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. இவரும் சாமிநாதர் சபைத் துறவியே. அக்காலப் பேராசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்தினர் அனைவர் முன்னிலையிலும் ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டும். அதற்கு 'ரெலெக்சியோ' என்று பெயர். வித்தோரியா அந்த மேடையை உலக அரசியலின் நீதி அநீதிகளை ஆராயப் பயன்படுத்தினார். 1528-இல் ஆட்சி அதிகாரம் பற்றி ஆற்றிய உரையிலேயே, உலகம் முழுவதும் ஒருவகையில் ஒரே சமூகம் என்னும் கருத்தை முன்வைத்தார்.

1532-இல் பெருநாட்டில் இன்கா மன்னர் அத்தாகுவால்பாவை ஸ்பானியர் பிடித்தனர். ஏராளமான பொன்னை மீட்புத் தொகையாகப் பெற்றுக்கொண்டும் அடுத்த ஆண்டில் அவரைக் கொன்றனர். இச்செய்தி வித்தோரியாவை மிகவும் பாதித்தது. 1534-இல் ஒரு சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் தம் வேதனையை அவர் மறைக்காமல் வெளியிட்டார்.

1539: இரண்டு உரைகள்

1539 சனவரியில் அமெரிக்கப் பூர்வீக மக்களைப் பற்றி அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அந்நாடுகள் தமக்கே உரியவை என்பதற்கு ஸ்பானியர் சொல்லிவந்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

பேரரசர் உலகம் முழுவதற்கும் தலைவரா? இல்லை. திருத்தந்தை உலகின் அரசியல் தலைவரா? இல்லை, எனவே தமக்கு உரிமையில்லாத நாடுகளை அவர் பிறருக்கு வழங்கவும் முடியாது. முதலில் கண்டுபிடித்தவர்களுக்கே நாடு சொந்தம் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எளிமையானது: அவர்கள் கப்பலேறி வந்து நம்மைக் கண்டுபிடித்திருந்தால், நம் நாடு அவர்களுடையதாகிவிடுமா?

அவர்கள் நற்செய்தியை ஏற்க மறுத்தால் போர் தொடுக்கலாமா? கூடாது, விசுவாசத்தை வாள்முனையில் திணிக்க முடியாது. அவர்கள் பாவிகள், பிற மதத்தினர் என்பதால் அவர்களது நிலத்தைப் பறிக்கலாமா? கூடாது, சொத்துரிமையும் ஆட்சியுரிமையும் மனிதர் என்ற முறையில் வருபவை, பாவத்தாலோ விசுவாசமின்மையாலோ அவை அழிவதில்லை. 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் வெளியிட்ட 'சுப்லிமிஸ் தேயுஸ்' என்னும் மடலும் இவ்வுண்மையையே வலியுறுத்தியிருந்தது.

அதே ஆண்டு சூனில் போரின் நீதி பற்றி உரையாற்றினார். மத வேறுபாடு, நாட்டை விரிவாக்கும் ஆசை, மன்னரின் புகழ் ஆகிய எதுவும் போருக்கு நியாயமான காரணம் ஆகாது. இழைக்கப்பட்ட பெரும் அநீதியே காரணமாக முடியும். அப்போதும் மாசற்றவர்களைத் திட்டமிட்டுக் கொல்லக்கூடாது. ஒரு போர் அநீதியானது என்று மனச்சான்று உறுதியாகச் சொன்னால், மன்னரே கட்டளையிட்டாலும் குடிமகன் அதில் பங்கேற்கக்கூடாது.

அரசரின் கோபம்

1539 நவம்பர் 10 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ், வித்தோரியா வாழ்ந்த புனித ஸ்தேவான் துறவு இல்லத் தலைவருக்குக் கடிதம் அனுப்பினார். அமெரிக்க நாடுகள்மீது தமக்குள்ள உரிமையை மறையுரைகளிலும் சிறப்புரைகளிலும் விவாதிக்க வேண்டாம். இதுபற்றிய எழுத்துகளைத் திரட்டி ஒப்படையுங்கள் என்பதே கட்டளை. ஆயினும் உண்மையைப் பூட்டிவைக்க முடியவில்லை. வித்தோரியா தம் உரைகளை அச்சிடாமலேயே 1546-இல் இறந்தார். மாணவர்கள் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு 1557-இல் அவை லியோன் நகரில் நூலாக வெளிவந்தன.

இதற்கிடையில் 1542-இல் பேரரசரே பூர்வீக மக்களை அடிமைப்படுத்துவதைத் தடைசெய்யும் புதிய சட்டங்களைப் பிறப்பித்தார். குடியேறியவர்களின் எதிர்ப்பால் அவற்றின் சில விதிகள் 1545-இல் கைவிடப்பட்டன. கொடுமைகளும் தொடர்ந்தன. வித்தோரியாவின் சிந்தனையிலும் குறை இல்லாமல் இல்லை. பயண உரிமை, வணிக உரிமை, மறைபரப்பும் உரிமை ஆகியவற்றைத் தடுத்தால் போரிடலாம் என்று அவர் திறந்துவைத்த கதவு, ஆதிக்கம் தேடியவர்களுக்கும் உதவக்கூடியதாக இருந்தது. நல்ல கோட்பாட்டையும் பேராசை வளைத்துவிடும் என்பது இதில் நமக்கு எச்சரிக்கை.

நமக்கான செய்தி

இன்று ஜெனீவாவில் ஐ.நா. மாளிகையின் பேரவைக் கூடம் ஒன்று வித்தோரியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008 ஏப்ரல் 18 அன்று ஐ.நா. பொதுப்பேரவையில் உரையாற்றிய திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், ஐ.நா. என்னும் கருத்துக்கு முன்னோடி என்று அவரை நினைவுகூர்ந்தார். 1963-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடலும், நவீன ஆயுதங்களின் காலத்தில் நீதியான போர் என்று பேசுவதே மிகக் கடினம் என 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'அனைவரும் உடன்பிறந்தோர்' மடலில் கூறியதும் இதே பாதையில் வந்தவை.

வித்தோரியா அமெரிக்காவுக்குச் சென்றதே இல்லை. படை நடத்தவில்லை, பதவியும் வகிக்கவில்லை. தமக்குக் கிடைத்த வகுப்பறையில், தம் நாட்டின் ஆதாயத்துக்கு எதிராகவும் உண்மையைக் கேட்டார். கடவுளின் சாயல் எல்லா மனிதரிடமும் உண்டு என்று நம்புபவர், தொலைவில் இருப்பவரின் துன்பத்தை 'அது நம் பிரச்சினை அல்ல' என்று சொல்லிவிட முடியாது. காயப்பட்டவன் எந்த ஊர், எந்த இனம் என்று நல்ல சமாரியர் கேட்கவில்லையே!

எனவே அன்பு மாணவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே! ஒரு நாட்டின் போரை நியாயப்படுத்தும் பேச்சைக் கேட்கும்போது வித்தோரியாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதே காரணத்தைச் சொல்லி அவர்கள் நம்மீது படையெடுத்தால் நாம் ஏற்றுக்கொள்வோமா? இல்லை என்றால், அந்தக் காரணம் நீதியானது அல்ல.

நீதியின்மேல் பசிதாகம் கொள்ளும் மனத்தையும், அதை உரிய இடத்தில் உரைக்கும் துணிவையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக!