மால்வண் கடலில் மிதந்து மகிழ

தாணேயிலிருந்து கொங்கண் இரயிலில் குடாள் வரை சென்று, சாலைவழியே சுமார் 30 கி.மீ. கடந்தால் மால்வண் கடற்கரையை அடையலாம். அருகிலுள்ள தீவில் சத்ரபதி சிவாஜி எழுப்பிய சிந்துதுர்க் கோட்டை அமைந்துள்ளது. கோட்டையை ஒட்டிய பாறைப் பகுதிகளில், முகக்கண்ணாடியும் சுவாசக்குழாயும் அணிந்து மிதந்தவாறே மீன்களையும் பவளங்களையும் காணும் ஸ்நார்க்கெலிங் நடைபெறுகிறது.

பருவமழைக் காலத்தில் இது நிறுத்தப்படும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்று எழாத காலை வேளையே ஏற்றது. நீந்தத் தெரியாதவர்களும் சிறுவர்களும் உடன் வந்தால், அலையற்ற, ஆழங்குறைந்த இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படகைக் கட்டணத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. 2024 டிசம்பர் 18 அன்று, எலிபெண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விரைவுப்படகு மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே, குழந்தைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி உள்ளதா, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மிகாமல் ஆட்களை ஏற்றுகின்றனரா என்பவற்றை உறுதிசெய்த பின்னரே ஏறுங்கள்.

முன்பணத்திற்கு இரசீது பெறுங்கள். பயணம் இரத்தானால் தொகை திரும்பக் கிடைக்குமா என்று முன்னரே கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் தேவையில்லை, கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். உங்கள் விபத்துக் காப்பீடு நீர் விளையாட்டுகளுக்கும் பொருந்துமா என்பதைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நலம்.