தச்சன் மகனும் ஒரு நூலும்

வணிகத்துக்கும் நூலறிவுக்கும் பெருந்தொடர்பு இல்லையென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கடையிலே கையாளாக நின்று பழகியவனே வியாபாரி ஆவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்கள் கட்சி. வேறு சிலரோ, செல்வம் சேர்க்கும் வழிகளைக் கூறும் நூலொன்றைக் கற்றுவிட்டாற் செல்வம் தானே வந்தடையும் என்று நம்புகின்றனர். இவ்விரு கருத்துகளும் முழுமையானவை அல்ல. ஒரு நூல் ஒருவரது தொழில் வாழ்க்கையை எவ்வளவுக்கு உருவாக்கும், எவ்விடத்தில் அதன் ஆற்றல் நின்றுவிடும் என்பதை உண்மை வரலாறு ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

1859 ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரில் ஜோன் மரே என்னும் பதிப்பாளர் வெளியிட்ட நூல்களுள் இரண்டு உலகப் புகழ் பெற்றன. ஒன்று, உயிரினங்களின் தோற்றம் பற்றிச் சார்ள்ஸ் டார்வின் எழுதியது. மற்றையது, சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ப் ஹெல்ப்'. தன் முயற்சியால் உயர்தல் என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். 1812 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த ஸ்மைல்ஸ் மருத்துவம் பயின்றவர். பத்திரிகை ஆசிரியராகவும் புகையிரதக் கம்பெனியின் செயலாளராகவும் கடமையாற்றியவர். 1845 இல் லீட்ஸ் நகரத்து இளந்தொழிலாளர் சிலர் மாலை வேளைகளில் ஒன்றுகூடித் தமக்குத் தாமே கல்வி புகட்டி வந்தனர். அவர்களுடைய வேண்டுகோளுக்கு இணங்கி ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே பின்னர் விரிந்து நூலாயின. நெசவுப் பொறிகளையும் மட்பாண்டங்களையும் நீராவி இயந்திரங்களையும் ஆக்கியோர் பட்ட துன்பங்களும், அவர்கள் மேற்கொண்ட விடாமுயற்சியும் அந்நூலிற் கதை கதையாகக் கூறப்பட்டுள்ளன.

இந்நூலாற் பயன்பெற்றோருள் ஒருவர் வில்லியம் லீவர். பலசரக்கு வணிகர் ஒருவரின் மகனாகிய அவர், தமது பதினாறாம் வயதில் இதனைப் பரிசாகப் பெற்றார். நம் நாட்டு வீடுகளும் நன்கறிந்த சன்லைட் சவர்க்காரம் அவர் தொடங்கியதே. பிற்காலத்திலே தாமும் இளைஞர்க்கு இந்நூலைப் பரிசளித்து வந்தார். எனினும், இதனினும் வியப்பான வரலாறு யப்பான் நாட்டிலே நிகழ்ந்தது.

நக்கமுரா மசனாவோ என்னும் யப்பானிய அறிஞர், மாணவர் குழுவொன்றுக்குப் பொறுப்பாளராக 1866 இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1868 இல் அவரை அனுப்பிய ஆட்சி வீழ்ந்தமையால் நாடு திரும்ப நேர்ந்தது. விடைபெறும் வேளையில் நண்பரொருவர் ஸ்மைல்ஸின் நூலை அவருக்கு அளித்தார். கப்பற் பயணத்திலே அதனைப் படித்துத் தோய்ந்த நக்கமுரா, அதை யப்பானிய மொழியிற் பெயர்த்தார். 1871 இல் மக்கள் கைக்கு வந்த அம்மொழிபெயர்ப்பு நாடெங்கும் பரவியது. பிறப்பே ஒருவனது தொழிலை வரையறுத்த பழைய முறை அப்பொழுதுதான் தளர்ந்துகொண்டிருந்தது. எளிய குடியிற் பிறந்தவனும் உயரலாம் என்னும் செய்தி உரிய காலத்தில் வந்து சேர்ந்ததென்க.

அச்செய்தி எட்டிய இளைஞருள் ஒருவர் சக்கிச்சி டொயோடா. 1867 இற் பிறந்த இவர் கிராமத்துத் தச்சர் ஒருவரின் மகன். தந்தையிடம் தச்சு வேலை பயின்றார். தாயார் தறியில் நெய்வதைக் கண்டு வளர்ந்தார். மருதமுனை போன்ற ஊர்களிலே கைத்தறி நெய்வோரைப் பார்த்தவர்க்கு அத்தொழிலின் கடுமை எளிதில் விளங்கும். கையும் காலும் ஓயாது இயங்க வேண்டும். ஓர் இழை அறுந்ததைக் கவனியாது விட்டால் துணி பழுதாகிவிடும். அந்நூல் டொயோடாவுக்குத் தறி செய்யக் கற்பிக்கவில்லை. தம் கண்முன் நின்ற இத்துன்பம் தம்மால் தீர்க்கக்கூடிய ஒன்று என்று எண்ணும் துணிவையே அது வளர்த்தது.

1890 இல் இரு கைகளின் வேலையை ஒரு கையாற் செய்யத்தக்க மரத்தறியொன்றை அவர் ஆக்கினார். 1896 இல் நீராவி வலுவால் இயங்கும் தறி உருவாயிற்று. ஊடை நூல் அறுந்தவுடன் அத்தறி தானாகவே நின்றுவிடும். தறியை இடையறாது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமையால், ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1924 இல், ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி வெளிவந்தது. 1929 இல் இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் கம்பெனி, ஒரு இலட்சம் பவுணுக்கு அத்தறியின் உரிமையைப் பெற்றது. இங்கிலாந்திலிருந்து நூல் ஒன்று யப்பானுக்குச் சென்றது. யப்பானிலிருந்து இயந்திரம் ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றது. சக்கிச்சி 1930 இற் காலமானார். அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் வாகன முயற்சி, 1937 இல் டொயோட்டா மோட்டார்க் கம்பெனியாயிற்று. சக்கிச்சி பிறந்த இடத்திலுள்ள நினைவகத்திலே ஸ்மைல்ஸின் நூற்பிரதியொன்று கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டுள்ளது.

ஆயின், இவ்வெற்றி அனைத்தும் நூலொன்றால் விளைந்தது என்று கொள்வது தவறாகும். கண்டுபிடித்தவனின் உரிமையைக் காக்கும் சட்டம் 1885 இல் யப்பானிலே இயற்றப்பட்டிருந்தது. மூலதனம் உதவ மிற்சுயி போன்ற வணிக நிலையங்கள் இருந்தன. அவை இருந்தும், தம் பெயரால் அமைந்த கம்பெனியிலிருந்து 1910 இல் அவர் விலக நேர்ந்தது. பொறியை ஆக்கும் அறிவு வேறு, கம்பெனியை நடத்தும் அறிவு வேறு. விடாமுயற்சியைப் புகட்டும் நூல், கணக்கையும் சட்டத்தையும் கூட்டாளிகளோடு ஒழுகும் முறையையும் புகட்டிவிடாது. மேலும், அயராது உழைத்தும் தோற்றவர்களின் வரலாறு இத்தகைய நூல்களிற் குறைவு. வென்றவர் கதையை மட்டும் படிப்பவன், தோற்றவரெல்லாம் சோம்பேறிகள் என்று எண்ணிவிடக்கூடும். ஸ்மைல்ஸ் தாமும், தம் நூலின் தலைப்பைக் கண்டு சிலர் அதனைத் தன்னலத்தின் புகழுரையாகக் கருதியமைக்கு வருந்தி, 1866 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

எனவே, வணிகத்தில் ஈடுபட விரும்பும் இளைஞர் நூலைத் தம் தொழிலின் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். கையில் வேலையொன்றும் அதிலே தீராத சிக்கலொன்றும் உடையவனுக்கே நூல் பேசும். அவை இல்லாதவனுக்கு அது வெறும் கதையாகவே முடியும்.

பெரியோர் சிந்திக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆங்கில மூலம் மட்டும் இருந்திருப்பின் அது அந்தத் தச்சன் மகனின் கிராமத்தை எட்டியிராது. தாய்மொழியிற் பெயர்க்க ஒருவர் முன்வந்தமையாலேயே அது அங்கு சென்றது. கணக்கியலும் தொழில் முகாமையும் வணிகர் வரலாறும் கூறும் நல்ல நூல்கள் எளிய தமிழில் வெளிவந்து, கிராமத்து வாசிகசாலைகளிற் கிடைக்குமாயின், நம்மூர்ப் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டும்.