ஈறு நோய்க் கிருமிகளின் வம்சாவளி

பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் எந்நேரமும் ஒரு வழவழப்பான படலம் படிந்துகொண்டே இருக்கும். அதில் குடியிருப்பவை பாக்டீரியாக்கள்; மனித வாயில் மொத்தம் சுமார் 700 இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. இவற்றின் தொல்லையால் ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிவதோடு நின்றால் அது வெறும் ஈறு அழற்சி. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஆறிவிடும். அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அரித்துவிட்டால் இழந்த எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை. பல் ஆட்டம் காண்பது அந்தக் கட்டத்தில்தான்.

அழுக்குச் சேர்ந்த எல்லா வாயிலும் நோய் இந்தக் கட்டத்துக்குப் போகுமா? இந்தக் கேள்விக்கு உலகப் பல் மருத்துவம் இன்றும் எடுத்துக்காட்டும் பதில், இலங்கை மலையகத்துத் தமிழ்த் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவின் குழு 1970-இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களைப் பரிசோதித்தது. 1985 வரை அவர்களையே திரும்பத் திரும்ப அளந்தது. பல்துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இல்லை. (அந்த வசதியின்மைதான் ஆய்வுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) எல்லோர் பல்லிலும் ஊத்தையும் காரையும் தடித்துக் கிடந்தன. சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை.

1986-இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. அழுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், கதி ஒன்றல்ல. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது. இவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 சதவீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது. 45 வயதில் இவர்கள் இழந்தது 7 பற்கள். மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு சிவந்திருந்ததே தவிர, ஒரு பல்லும் விழவில்லை.

புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உடலின் எதிர்ப்புத் திறன் என்று இந்த வேறுபாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றோடு கிருமியையும் சேர்க்க வேண்டும். 1998-இல் பாஸ்டனில் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் கூட்டாளிகளும், ஆழமான ஈறு நோயில் சேர்ந்தே காணப்படும் மூன்று பாக்டீரியாக்களைச் ‘சிவப்புக் குழு’ என்று அடையாளம் காட்டினார்கள்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. ஆனால் இதே இனங்கள் நல்ல ஈறு உள்ளவர்களிடமும் அவ்வப்போது தென்படுகின்றன. ஆகவே இனத்தின் பெயரை மட்டும் கேட்டுப் பயனில்லை. அந்த இனத்துக்குள் எந்த வம்சம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வம்சம் தொடரும் விதத்தைத் திராட்சைக் கொடியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் அதை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறார்கள். தாய்க்கொடியின் குணம் பிசகாமல் அடுத்த பந்தலுக்குப் போகிறது. விதையிலிருந்து முளைக்கும் கொடியோ, இரண்டு பெற்றோரின் குணங்கள் கலந்து ஒவ்வொன்றும் ஒரு விதமாக வரும். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவதால் எல்லாமே குச்சி நட்ட கொடிகள்போல இருக்கும் என்றுதான் தோன்றும். ஈறு நோய்க் கிருமிகளில் இரண்டு மாதிரியும் உண்டு.

முதல் மாதிரிக்குச் சான்று அக்ரெகாடிபாக்டர் ஆக்டினோமைசெடெம்கோமிடன்ஸ். இளம் வயதிலேயே பல்லைப் பறிக்கும் நோயோடு தொடர்புடையது இது. இதில் ‘ஜேபி2’ என்றொரு வம்சம் இருக்கிறது. வெள்ளணுக்களைக் கொல்லும் நச்சின் மரபணுவுக்கு முன்னால், அதன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பகுதியில், இந்த வம்சத்துக்கு 530 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப் போயின. கடிவாளம் அறுந்ததால் நச்சு பத்து, இருபது மடங்கு சுரக்கிறது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவின் மத்தியதரைக் கடற்பகுதியில் இது தோன்றி, பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், அடிமை வணிகத்தோடு அமெரிக்கக் கண்டங்களுக்கும் போனதாகக் கணிக்கிறார்கள். மொராக்கோவில் நோயற்ற பதின்வயதினரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஜேபி2 மட்டும் இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, இந்தக் கிருமியே இல்லாதவர்களைவிட 18 மடங்கு. இதே இனத்தின் மற்ற வம்சங்கள் இருந்தவர்களுக்கோ 3 மடங்குதான்.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் இதற்கு நேர்மாறு. இது அக்கம்பக்கத்துக் கிருமிகளிடமிருந்து டிஎன்ஏ துண்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. கலப்பு மிகுதியால் வம்சக் கோடுகள் கலைந்துவிடுகின்றன. இதில் ‘டபிள்யூ83’ என்ற கிருமியின் மரபணுத் தொகுதி 2003-இல் வாசிக்கப்பட்டது. சுமார் 23 லட்சம் எழுத்துகள். 2008-இல் ‘ஏடிசிசி 33277’ என்ற இன்னொன்றை வாசித்து ஒப்பிட்டபோது, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பொதுவான மரபணுக்களும் இடம்மாறிக் கிடந்தன. எலிகளில் முதலாவது உடலெங்கும் பரவும் நோயை உண்டாக்குகிறது. இரண்டாவது ஊசி போட்ட இடத்தில் கட்டியாக நின்றுவிடுகிறது. செல்களில் ஒட்டிக்கொள்ள உதவும் நுண்ணிழைகளிலும் ஆறு வகை மரபணுக்கள் உண்டு. அவற்றில் இரண்டாம் வகை நோயாளிகளிடமும், முதல் வகை நல்ல ஈறு உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படுவதை ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் கவனித்தார்கள். நச்சு மரபணு ஒன்றை வைத்து ஜேபி2-ஐ அடையாளம் கண்டதுபோல, இங்கே ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இந்தக் கிருமிகள் எச்சில் வழியாகப் பரவுகின்றன. பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும், கணவன் மனைவியிடமும் ஒரே மரபணு வகை அமைந்திருப்பது பல குடும்பங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் வாயில் குடியேறிய கிருமியெல்லாம் நோயாக மாறுவதில்லை.

ஊர்ப் பல் மருத்துவமனைகளில் கிருமியின் வம்சத்தைக் கண்டறியும் சோதனை வழக்கத்தில் இல்லை. வம்சம் தெரிந்தாலும், பெரும்பாலான நோயாளிகளுக்குச் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதே காரணம். மருத்துவர் ஈறுக்கு அடியில் உள்ள காரையையும் படலத்தையும் சுரண்டி எடுக்கிறார். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கூடவே மருந்து தருகிறார். படலத்துக்குள் பதுங்கிய கிருமிகளை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டாததால், சுரண்டாமல் மாத்திரை மட்டும் விழுங்குவது பயன் தருவதில்லை.