கூரை மடங்கும் கார்களின் உயரும் மதிப்பு

வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில், 2023-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாரம்பரிய அருங்காட்சியகத்திலே பழைய கார்களைக் காண்போர், மனிதனின் கைத்திறனுக்குக் காலம் அளிக்கும் கௌரவத்தை உணர்வர்.

அக்கௌரவம் இன்று, அவற்றினும் இளையனவாகிய, கூரை மடங்கும் சொகுசுக் கார்களையும் நாடி வருகிறது. 1971 முதல் 1989 வரை மெர்சிடீஸ்-பென்ஸ் தயாரித்த ஆர்107 வகை எஸ்.எல். அதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். உறுதியான கட்டமைப்பும், உதிரிப் பாகங்கள் கிடைக்கும் வசதியும், இளமையில் அதைக் கண்டு ஏங்கியோர் இன்று வாங்கும் சக்தி பெற்றிருப்பதும் ஒன்றுகூடியே அதன் விலையை உயர்த்துகின்றன.

எனினும் துணிக்கூரையின் கிழிசலும் அடித்தகட்டின் துருவும் அம்மதிப்பைக் கரைத்துவிடுமாதலால், வாங்குவோர் பளபளப்பைவிடப் பராமரிப்புப் பதிவேட்டையே பிரமாணமாகக் கொள்ளல் வேண்டும். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு நம் நாட்டில் 2021-இல் தனிப் பதிவு விதிகள் வகுக்கப்பட்டன. இளைய கார்களையும் அவ்வயதுவரை காப்பது ரசிகர்களின் கடமையாகும்.