61 நாள் காத்திருந்த ஆட்டம்

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் அரங்கில் நானும் அப்பாவும் அன்று பார்த்தது ஓர் இன்னிங்ஸும் கொஞ்சமும்தான். 2024 ஜூன் 26, புதன்கிழமை மாலை. உள்ளூர் அணியான ரெட் சாக்ஸும் கனடாவிலிருந்து வந்திருந்த டொரோண்டோ புளூ ஜேஸும் மோதின. இரண்டாம் இன்னிங்சில் டொரோண்டோவின் டேனி ஜான்சன் மட்டையோடு வந்து நின்றார். முதல் பந்தைத் தட்டினார். அது கோட்டுக்கு வெளியே போனது. அடுத்த பந்துக்குள் மழை வலுத்துவிட்டது.

ஊழியர்கள் ஓடிவந்து, திடலின் நடுப்பகுதியை மாபெரும் தார்ப்பாயால் மூடினார்கள். நாங்கள் கூரையடியில் ஒதுங்கினோம்.

வேலை நிமித்தம் நான் அங்கு ஆறு மாதம் தங்கியிருந்தேன். அப்பா இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். அவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கிரிக்கெட் பைத்தியம். நான் சிறுமியாக இருந்தபோது, பாலஸ்டியர் ரோட்டுத் திடலுக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போவதாகச் சொல்வார். ஷிஃப்ட் மாறிவிடும். “அப்புறம் போவோம்மா” என்பார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அந்தக் குறை தீரட்டும் என்றுதான் இந்த ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தேன். அதையும் மழை கெடுத்துவிட்டது.

ஆட்டம் நின்றுவிட்டது என்று அறிவித்தபோது அப்பா கேட்டார்: “அப்ப யாரு ஜெயிச்சது?”

“யாரும் இல்லைப்பா. இன்னொரு நாள் இதே இடத்திலிருந்து ஆடுவாங்களாம்.”

“என்னம்மா இது, வேடிக்கையா இருக்கு!” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மழைக்கு ஏன் இந்தப் பயம்?

காற்பந்து ஆட்டக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டே ஆடுகிறார்கள். பேஸ்பாலில் அது முடியாது. பந்தை எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 18 மீட்டருக்குச் சற்றே அதிகமான தூரம். பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஈரத்தில் அது விரலிலிருந்து நழுவினால் எதிரில் நிற்பவரின் தலையைப் பதம் பார்த்துவிடும். ஓடும் பாதையும் எறிபவர் நிற்கும் மேடும் மண்ணால் ஆனவை. நனைந்தால் சேறுதான்.

ஆட்டத்தை நிறுத்துவது யார் என்பதற்கும் தெளிவான வரையறை இருக்கிறது. முதல் பந்து வீசப்படும்வரை பொதுவாக அந்த முடிவு உள்ளூர் அணியின் கையில். வீசப்பட்ட பிறகு தலைமை நடுவரின் கையில். நிறுத்தியதும் அவர் ஆட்டத்தைக் கைவிட முடியாது. குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் காத்திருப்பு மணிக்கணக்கிலும் நீளும்.

மழை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க்கையும் ஃபிலடெல்ஃபியாவையும் சூழ்ந்தபோது அங்கு ஆட்டங்கள் தள்ளிப்போயின. புகைமூட்டம் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989 அக்டோபர் 17ஆம் தேதி, சான்ஃபிரான்சிஸ்கோவில் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் நிலநடுக்கம் தாக்கியது. அந்த ஆட்டம் பத்து நாள் கழித்துத்தான் நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹியூஸ்டன் கதை. அங்கிருந்த ஆஸ்ட்ரோடோம் முழுவதும் கூரை வேய்ந்த அரங்கம். மழைக்கு அஞ்ச வேண்டியதே இல்லை. ஆனால் 1976 ஜூன் 15 அன்று பெய்த மழையில் நகரத் தெருக்களில் வெள்ளம். ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள், நடுவர்களால் வர முடியவில்லை. ஆட்டம் தள்ளிப்போனது. உள்ளே மாட்டிக்கொண்ட இரு அணியினரும் காய்ந்த திடலிலேயே மேசை போட்டு இரவு உணவு சாப்பிட்டார்கள்.

கடனை எப்படி அடைப்பது?

ஒருநாள் கிரிக்கெட்டில் மழை வந்தால் டக்வொர்த் லூயிஸ் கணக்குப் போட்டு இலக்கை மாற்றிவிடுவார்கள். பேஸ்பாலில் அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. ஆடாத ஆட்டம் கடன்தான். அதை ஆடித்தான் அடைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். ஓய்வு நாளே அரிது. ஆகவே தள்ளிப்போன ஆட்டத்தை அதே அணிகள் அடுத்து சந்திக்கும் நாளில் சேர்த்து, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். இதற்கு ‘டபுள் ஹெடர்’ என்று பெயர். சில நேரம் ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம். சில நேரம் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சீட்டு.

அன்று மட்டும் 26 பேர் கொண்ட அணியில் 27ஆவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கீழ்நிலை அணியில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இளைஞருக்கு அந்த மழை தந்த ஒருநாள் வாழ்வு அது.

தள்ளிப்போன ஆட்டத்தால் யாருக்கும் நன்மை தீமை இல்லை என்றால், பருவத்தின் முடிவில் அதை ஆடாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் சில நேரம் ஒரு பருவமே அந்தக் கடனில் தொங்கும்.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் சூறாவளி அட்லாண்டாவை நெருங்கியது. அங்கு பிரேவ்ஸ், நியூயார்க் மெட்ஸ் அணிகள் ஆடவேண்டிய இரண்டு ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. பருவம் ஞாயிறன்று முடிந்துவிட்டது. மறுநாள், செப்டம்பர் 30 அன்று, அந்த இரண்டையும் ஆடினார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி கிடைத்தால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். முதல் ஆட்டத்தை மெட்ஸ் 8-7 என்று வென்றது. இரண்டாவதை பிரேவ்ஸ் 3-0 என்று வென்றது. தன் 162 ஆட்டங்களையும் ஆடி முடித்துவிட்டு, இவர்களில் ஒருவர் இரண்டிலும் தோற்க வேண்டும் என்று காத்திருந்தது அரிசோனா. மூன்று அணிகளுக்கும் அதே 89 வெற்றி. வெளியேறியது அரிசோனா மட்டும்.

வென்ற இரு அணிகளுக்கும் மூச்சுவிட நேரமில்லை. மறுநாளே மெட்ஸ் மில்வாக்கியிலும் பிரேவ்ஸ் சான்டியேகோவிலும் ஆட வேண்டியிருந்தது.

விட்ட இடத்திலிருந்து

பாதியில் நின்ற ஆட்டத்தின் கதையே வேறு. ஒன்பது இன்னிங்சில் ஐந்து முடிந்திருந்து, ஓர் அணி முன்னிலையில் இருந்தால் அதுவே முடிவாகலாம். முன்பெல்லாம் ஐந்துக்குள் நின்றால் எல்லாமே அழிந்துவிடும். அடித்தது, எடுத்தது எதுவும் கணக்கில் இல்லை. முதல் பந்திலிருந்து மறுபடி ஆட வேண்டும். இப்போது அப்படியே நிறுத்திவைக்கிறார்கள். யார் அடித்துக்கொண்டிருந்தார், எத்தனை பந்து ஆகியிருந்தது என்று எல்லாம் எழுதிவைக்கப்படும்.

இதனால் விந்தைகளும் நடக்கும். 2018 மே 15 அன்று வாஷிங்டனில் நேஷனல்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆட்டம் 3-3 என்ற நிலையில் மழையால் நின்றது. ஹுவான் சோட்டோ என்ற 19 வயது இளைஞர் மே 20 அன்றுதான் நேஷனல்சுக்காக முதல்முறை களமிறங்கினார். ஜூன் 18 அன்று பழைய ஆட்டம் தொடர்ந்தபோது, அவர் அதில் ஒரு ஹோம் ரன் அடித்தார். பதிவேட்டில் அது மே 15 கணக்கில் ஏறியது. அறிமுகமாவதற்கு ஐந்து நாள் முன்பே ஹோம் ரன் அடித்தவர் ஆகிவிட்டார்!

நாங்கள் பார்த்த ஆட்டத்துக்கு ஆகஸ்ட் 26 எனத் தேதி வந்தது. அதற்குள் அப்பாவும் ஊர் திரும்பிவிட்டார். நானும் சிங்கப்பூர் வந்துவிட்டேன். இடையில் இன்னொன்றும் நடந்தது. மட்டையோடு நின்றிருந்த டேனி ஜான்சனை ஜூலை 27 அன்று டொரோண்டோ, பாஸ்டன் அணிக்கே மாற்றிக் கொடுத்துவிட்டது.

பாஸ்டனில் பிற்பகல் இரண்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை இரண்டு. அப்பாவை எழுப்பலாமா என்று யோசித்தபடி நான் அறையிலிருந்து வந்தபோது, அவர் வரவேற்பறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். “இன்னிக்குத்தானே?” என்றார்.

கணினியில் நேரலையைப் போட்டேன். ஜான்சன் தொடங்கிய பந்தடிப்பைத் தொடர டால்டன் வார்ஷோ வந்து நின்றார். அவருக்குப் பின்னால், பாஸ்டன் சட்டையில், பந்து பிடிப்பவராகக் குனிந்து உட்கார்ந்திருந்தார் அதே ஜான்சன். மேஜர் லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரு அணிக்கும் ஆடிய முதல் மனிதர். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. டொரோண்டோ 4-1 என்று வென்றது. 61 நாள் கழித்து அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

கணினியை மூடும்போது அப்பா சொன்னார்: “பரவாயில்லம்மா. தள்ளிப்போட்டாலும் தேதி போட்டு வைக்கிறாங்க. நான் உனக்குத் தேதியே போடல.”

என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேலை, கூட்டம், அடுத்த வாரம் என்று சொல்லி, வளர்ந்த பிறகு நானும் அவரிடம் எத்தனையோ ‘அப்புறம்’ சொல்லியிருக்கிறேன். அவற்றுக்கும் தேதி இல்லை.

கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து நீட்டினேன். வருகிற சனிக்கிழமை, பாலஸ்டியர் ரோடு, கிரிக்கெட் என்று குறித்துக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. சன்னலோரம் நின்று இருவரும் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமைக்கு அங்கேயே மாற்றி எழுதினேன். அன்று போனோம்.