பறப்பதற்கு முன் பறந்த விமானம்

ஆவடியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் என்னைக் கேட்டான்: "ஸார், புது விமானத்தை முதன் முதல் ஓட்டுகிறவருக்கு, அது பறக்கும் என்று எப்படித் தெரியும்?" சிறுவனின் கேள்விதான். ஆயினும் இதற்கு விடை தேடி உயிர் துறந்தோரும் உண்டு. ஜெர்மானியரான லிலியந்தால் 1896-ல் தமது மிதவை விமானம் விழுந்து மாண்டார்.

விமானத்தைத் தாங்கும் விசையானது காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இவற்றுடன் இன்னும் ஓர் எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அதுவே குணகம். இறக்கையின் வடிவமும், அது காற்றை எதிர்கொள்ளும் கோணமும் அந்த எண்ணுக்குள் அடக்கம். தூக்கும் விசைக்கு ஒன்று, பின்னிழுக்கும் விசைக்கு ஒன்று, மூக்கு மேலும் கீழும் அசைவதற்கு ஒன்று என இத்தகைய எண்கள் பல.

அவற்றில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? காற்றழுத்தத்துக்கு நெடுங்காலமாக வழங்கி வந்த 0.005 என்ற எண்ணை நம்பிய ரைட் சகோதரர்களின் விமானம் எதிர்பார்த்தபடி எழும்பவில்லை. உண்மை அளவு சுமார் 0.0033 என்று 1901-ல் அவர்கள் கண்டனர். பிறகு ஒரு மரப்பெட்டிக்குள் காற்றைச் செலுத்திச் சிறு இறக்கைகளைச் சோதித்தனர், 1903-ல் பறந்தனர்.

நம் நாட்டுத் தேஜஸ் விமானத்தின் சங்கடம் இதனினும் பெரிது. விரைந்து திரும்ப வேண்டும் என்பதற்காக, தானே நிலைகொள்ளாத விதமாகவே அதை அமைத்தார்கள். உள்ளங்கையில் கோலை நிறுத்துகிறவன் கையை அசைத்துக்கொண்டே இருப்பதுபோல், கம்ப்யூட்டர் கணந்தோறும் அதைச் சரிப்படுத்த வேண்டும். எவ்வளவு சரிப்படுத்துவது என்பதற்குக் குணகங்கள் தெரிய வேண்டும். பறந்து பார்த்தாலன்றி அவை திட்டமாகத் தெரியா. தெரிந்தாலன்றிப் பறக்கவும் இயலாது!

இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்? சிறு மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, எண்களை முதலில் மதிப்பிட்டார்கள். அவ்வெண்களைக் கொண்டு தரையிலேயே ஒரு பாவனை விமானம் அமைந்தது. அதில் விமானிகள் பழகினர். அணுகுண்டுச் சோதனைக்குப் பின் 1998-ல் அமெரிக்கா தடை விதித்து, தந்துவந்த ஒத்துழைப்பை நிறுத்திவிட்டது. நம் நிபுணர்கள் கலங்காமல் பெங்களூரிலேயே வேலையை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ந் தேதி ராஜீவ் கோத்தியால் தேஜஸை வானில் செலுத்திப் பத்திரமாக இறக்கினார்.

அத்துடன் வேலை தீர்ந்துவிடவில்லை. பறக்கும்போது விமானி விசைப்பிடியை இலேசாக அசைப்பார். விமானம் எப்படி ஆடிற்று என்பதைக் கருவிகள் பதியும். பாவனை விமானமும் அவ்வாறே ஆடுகிறதா என்று ஒப்பிட்டுக் குணகங்களைத் திருத்துவார்கள்.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அப்பா, அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. எண்கள் சற்றுப் பிழையாயிருந்தாலும் விமானம் தப்புமா என்று தரையிலேயே பலமுறை சோதித்துவிட்டுத்தான் ஏறினார்." தேஜஸின் பற்சக்கரப் பெட்டி ஒன்று ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதென்றும் சொன்னேன். பையன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தான்.