மரம் வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

எங்கள் குழு பால்வாடிக்கு பெஞ்சு செய்துதர ஆர்டர் எடுத்தது. குழுக்கடனில் வேப்பம்பலகை வாங்கினோம். விலை குறைச்சல், அதான் யோசிக்கவில்லை. மூணே மாசத்தில் பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டன. ரெண்டு பெஞ்சு முறுக்கிக்கொண்டது. திரும்பச் செய்து கொடுத்தோம். லாபம் போச்சு, கடன் தவணை மட்டும் மிச்சம்.

வேம்பு நல்ல மரம்தான். குற்றம் ஈரத்தில். பச்சை மரம் காயும்போது நீளத்தில் அதிகம் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். வீட்டுக்குள் புழங்கும் சாமானுக்கு ஈரம் சுமார் 12 சதவீதம் இருக்கலாம்.

மீட்டர் இல்லையா? பணம் கட்டும் முன்னே பலகையின் நடுவில் ஒரு துண்டு அறுத்து வாங்குங்கள். ஓரத்துண்டு வேண்டாம், முனை சீக்கிரம் காய்ந்துவிடும், ஏமாந்துபோவோம். எடை போட்டு நிழலில் வையுங்கள். நாலு நாள் கழித்து மறுபடி போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்தால் அது இன்னும் பச்சைதான்.

நிலை, ஜன்னல் சட்டத்துக்கு நன்றாகக் காற்றில் உலர்ந்த மரம் போதும். பசை போட்டு ஒட்டும் பொம்மை, பெட்டிக்கு சூளையில் உலர்த்தியது நல்லது, விலை கூடத்தான். ரப்பர் மரமென்றால் மருந்தேற்றி உலர்த்தியதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பூச்சி உளுத்துவிடும்.

சூளை மரமும் மழையில் கிடந்தால் ஈரம் ஏறும். இப்போது நாங்கள் பலகையைத் தரையில் போடுவதில்லை. கூரைக்கடியில், நடுவே ரீப்பர் கட்டை வைத்து, காற்று புகும்படி அடுக்குகிறோம்.